டர்பனில் லேப்டாப்போடு உட்கார்ந்து படிக்க எங்கே போகலாம்?

வைகைக்கரை (டர்பன், மஸ்கிரேவ் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி மதுரையிலிருந்து டர்பன் வந்தேன். இப்போதுதான் ஊர் கொஞ்சம் பிடிபடுகிறது. யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) கணக்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன், எல்லாம் தொலைதூரக் கல்விதான். எங்கள் வீடு சின்ன ஃபிளாட். கணவருக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தால் எனக்கு ஒரு வரி மண்டையில் ஏறாது. அவரையும் குறை சொல்ல முடியாது, இருப்பது ஒரே ஒரு மேசை.

மால்களுக்குப் போகும்போதெல்லாம் கவனிக்கிறேன். துணிக்கடைக்கு உள்ளேயே ஒரு காபிக்கடை, புத்தகக்கடைக்கு உள்ளேயே ஒரு காபிக்கடை. அங்கே ஆட்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். நானும் அப்படி உட்காரலாமா? ஒரு காபி வாங்கினால் எவ்வளவு நேரம் இருக்கலாம்? எழுந்து போகச் சொல்லிவிட்டால் அவமானமாக இருக்குமே என்று உள்ளே போகவே தயக்கம். பாத்ரூம் போகும்போது லேப்டாப்பை என்ன செய்வது? தேர்வையே அங்கிருந்து எழுத முடியுமா? டர்பன்காரர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். ஜோபர்க், கேப் டவுன் ஆட்களும் சொல்லலாம்.

ஈகோலி_தமிழன் (ஜோகன்னஸ்பர்க்):

தாராளமாக உட்காரலாம் சகோதரி, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே சாண்டன், ரோஸ்பேங்க் பக்கம் பாதி ஐடி கூட்டம் காபிக்கடையில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். லேப்டாப்பை மேசையில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி. பாத்ரூம் போனால் அதுவும் கூடவே வரட்டும். பையின் வாரை நாற்காலிக் காலுக்குள் மாட்டி வையுங்கள். வாசலுக்குப் பக்கத்து மேசை வேண்டாம், சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். காரில் போனால், ரிமோட்டை அழுத்திவிட்டுக் கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள். ரிமோட் சிக்னலை ஜாம் செய்து, பூட்டாத காரைத் திறக்கும் திருட்டு இங்கே சகஜம். லேப்டாப் பையை டிக்கியில் வைப்பதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மால் பார்க்கிங்கில் வந்து நின்று வைத்தால் பார்க்கிறவன் பார்த்துவிடுவான்.

கடை வைஃபையை நம்பி வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அதற்கு மட்டும் ஃபோன் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர் டேட்டா விலைக்கு நாள் முழுக்க ஹாட்ஸ்பாட் கட்டுப்படியாகாது. அதனால் வீடியோ பாடங்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போவது நல்லது.

பேரூர்க்காரி (டர்பன்):

வாங்க தங்கச்சி. மேலே தம்பி பாதுகாப்பை நன்றாகச் சொல்லிவிட்டார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லவில்லை என்பதால் நாம் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நான் நினைப்பதில்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டும்.

என் கதை சுருக்கமாக. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்துக்கு இங்கிருந்து கணக்கு எழுதுகிறேன். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9:30 என்றால் இங்கே 6 மணி. பிள்ளைகள் எழுவதற்குள் ஒரு சுற்று வேலை வீட்டில் முடியும். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே காபிக்கடை. மத்தியானம் 2:30க்கு அங்கே ஆறு மணி, ஆபீஸ் முடிந்துவிடும். வருடக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. அதனால் இந்த ஊர்க் கடைகளின் நாடித்துடிப்பு ஓரளவு தெரியும்.

மேசைக்குப் பரிமாற வருகிறாரே ஒருவர், அவருக்குக் கடை முழுக்கச் சொந்தமில்லை. நான் வழக்கமாகப் போகும் இடத்தில் ஒரு பையன் இருக்கிறான். இருபத்தைந்து வயதிருக்கும், உம்லாஸியிலிருந்து இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வருகிறான். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்கு நாலு மேசைதான் அக்கா, இந்தத் தூணிலிருந்து அந்தக் கண்ணாடி வரைக்கும்" என்று கையால் கோடு போட்டுக் காட்டினான். அந்த நாலில் ஒன்றில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இங்கே பெரும்பாலான உணவகங்களில் இப்படித்தான் மேசைகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த மேசைகளில் வரும் டிப்ஸ்தான் அவர்கள் வீட்டுக்கு அரிசி பருப்பு.

2025 மார்ச்சில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 28.79 ராண்டு என்று வைத்தார்கள். டிப்ஸை அந்தக் கூலிக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஒரு கப்புசினோ 40 ராண்டு வாக்கில் இருக்கிறது. அந்தக் கூலி வாங்குகிறவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று சம்பாதிப்பதை நான் ஒரு கோப்பையில் குடித்துவிடுகிறேன். அதற்குப் பத்து சதவீதம் டிப்ஸ் என்றால் நாலு ராண்டு. நாலு ராண்டை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டால் அவனுடைய கால்வாசிக் கடையை நான் மூடிவிட்ட மாதிரி. அதனால் நான் பில்லைப் பார்த்து டிப்ஸ் வைப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்து வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து ராண்டு. கார்டில் சேர்க்காமல் கையில் காசாகக் கொடுத்துவிடுவேன். படிக்கிற பிள்ளைக்கு இது செலவுதான், இல்லையென்று சொல்லவில்லை. கட்டுப்படியாகாத நாளில் நூலகத்துக்குப் போங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

போனதும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். "சவுபோனா, இரண்டு மணி நேரம் படிக்கப் போகிறேன், எந்த மேசை உங்களுக்கு வசதி?" இவ்வளவுதான். (சவுபோனா என்றால் ஜூலு மொழியில் வணக்கம்.) நீங்கள் பயப்படும் அவமானம் அதோடு போய்விடும். பாதி நேரம் அவர்களே பிளக் இருக்கிற மூலையைக் காட்டுவார்கள். நாலு பேர் மேசையில் தனியாக உட்காராதீர்கள், இரண்டு பேர் மேசை போதும்.

நேரம் ரொம்ப முக்கியம். காலை 8 முதல் 11:30 வரை நல்லது. 12 அடித்தால் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும். அப்போது எழுந்துவிடுவேன், அல்லது நானும் சாப்பாடு சொல்லிவிடுவேன். திரும்ப 2 மணிக்கு மேல் அமைதியாகும். ஆனால் ஒன்று, மதுரையை நினைத்துக்கொண்டு ராத்திரி கடைக்குக் கிளம்பாதீர்கள். இங்கே பல காபிக்கடைகள் சாயங்காலம் நாலு, ஐந்துக்கே நாற்காலியைத் தூக்கி மேசை மேல் வைத்துவிடும். ஞாயிறு இன்னும் சீக்கிரம்.

கடை எது என்று கேட்டால், மக் அண்ட் பீனில் ஒரு தடவை காசு கொடுத்தால் காபியைத் திரும்பத் திரும்ப நிரப்பித் தருவார்கள், நீண்ட நேரம் இருக்க அது தோது. வுல்வொர்த்ஸ் கடைக்குள் இருக்கும் கஃபே எனக்குப் பிடிக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும், தனியாக வரும் பெண்கள் அதிகம். புத்தகக்கடைக்குள் இருக்கும் கஃபேயில் சத்தம் குறைவு. மாலின் நடுவில் சுவரே இல்லாமல் போட்டிருக்கும் கடைகள் படிப்புக்கு ஆகாது, பாட்டுச் சத்தம் மேலேயிருந்து கொட்டும். மஸ்கிரேவ் பக்கம் இருப்பதால் மஸ்கிரேவ் சென்டரே உங்களுக்குப் போதும், கேட்வே மால் வரை அலைய வேண்டாம். கிளென்வுட்டில் புல்வர் ரோட்டில் கேஇசட்என்எஸ்ஏ ஓவியக்கூடம் இருக்கிறது. அதன் கஃபேயில் மரத்தடியில் உட்காரலாம். தலை கனக்கும் நாளுக்கு நல்ல இடம்.

பிளக் விஷயம். இங்கே சுவரில் இருப்பது 15 ஆம்பியர் உருண்டை முள், நம்மூரில் கீசருக்கு வைப்போமே, அந்த அளவு. இந்தியாவில் வாங்கிய லேப்டாப் வயர் அதில் நேராகச் சேராது. அடாப்டர் செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும், ஒன்றைப் பையிலேயே போட்டு வையுங்கள். ஆனாலும் வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். 2023இல் லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பார்த்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும், வரும், திரும்பப் போகும். ஜெனரேட்டர் இருக்கிற மால்களில் ஒவ்வொரு பிளக்கைச் சுற்றியும் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நெருக்கடியில் சில கடைகள் பிளக்கையே அடைத்துவிட்டன. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, 2025 தொடக்கத்தில் கொஞ்சம் தலைகாட்டிவிட்டுப் போனது. ஃபோனில் மின்வெட்டு நேரத்தைச் சொல்லும் எஸ்கோம்சேபுஷ் செயலியை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தேர்வு. தயவுசெய்து காபிக்கடையிலிருந்து எழுதாதீர்கள். யூனிசா தேர்வுகளுக்கு இன்விஜிலேட்டர் என்று ஒரு ஃபோன் செயலி உண்டு. நடுநடுவே உங்கள் முகத்தைப் படம் எடுக்கும், சுற்றியிருக்கும் சத்தத்தைப் பதிவு செய்யும். பக்கத்து மேசையில் யாரோ சத்தமாகப் பேசினால் கூட நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். அன்றைக்கு மட்டும் உங்கள் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காபிக்கடைக்குப் போகட்டும். உங்களுக்கு அந்த மேசை வேண்டும்.

நூலகம். யூனிசாவுக்கு டர்பனிலேயே, ஸ்டால்வர்ட் சிமெலானே தெருவில், வளாகம் இருக்கிறது. மாணவர் அட்டையைக் காட்டினால் உட்கார்ந்து படிக்க இடம் உண்டு. நீங்கள் கட்டிய கட்டணத்தில் அதுவும் சேர்த்திதான், அதை விட்டுவிடாதீர்கள். நகராட்சி நூலகங்களில் காசே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்கள். அக்டோபர், நவம்பரில் மெட்ரிக் தேர்வு, நம்மூர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மாதிரி. அந்த இரண்டு மாதம் நாற்காலி கிடைப்பதே கஷ்டம். வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வருகிறார்கள். அந்தச் சமயத்தில் நமக்குக் காபிக்கடைக்குப் போக வசதி இருந்தால் அவர்களுக்கு இடத்தை விட்டுவிடலாம்.

இன்னும் ஒன்று விட்டுப் போயிற்று. அச்சிட்ட தாளை மட்டும் வைத்துப் படிக்கிற நாளில் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். 1849இல் ஆரம்பித்தது, ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிற பூங்காக்களிலேயே பழசு. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே தன்னார்வலர்கள் நடத்தும் டீ கார்டன் இருக்கிறது, க்ரம்பெட்டும் கிரீமும் கிடைக்கும். பிளக்கும் கிடையாது, குரங்கும் உண்டு. வெர்வெட் குரங்கு சாம்பல் நிறத்தில், கறுப்பு முகத்தோடு, நீங்கள் பேரேட்டைப் பார்த்துத் தலை குனிந்த நேரத்தில் தட்டிலிருப்பதை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். தட்டைக் காலி செய்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள்.

டேபிள்மலை (கேப் டவுன்):

பேரூர்க்காரி அக்கா சொன்ன டிப்ஸ் கணக்கு மனசில் தைத்தது. இனி நானும் அப்படித்தான்.

இங்கே கம்பெனிஸ் கார்டன் ஓரத்தில் தேசிய நூலகம் இருக்கிறது, 1818இல் தொடங்கியது. பெரிய வாசிப்பு மண்டபம், உயரமான கூரை, பேச்சு மூச்சு இருக்காது. நான் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் பெயர், அடையாள எண் எல்லாம் திரையில் வரும். அதனால் காபிக்கடையில் அந்தக் கோப்புகளைத் திறப்பதே இல்லை. 2021 ஜூலையிலிருந்து போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழு வீச்சில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று பார்த்தால் கூட நம் தலையில்தான் விடியும். வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். படிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சாட்ஸ்வொர்த்_தாத்தா (டர்பன்):

மகளே, நான் இங்கேயே பிறந்தவன். தமிழ் பாடசாலையில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நானும் யூனிசாதான். 1970களில் துணி ஆலையில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு தபாலில் படித்தேன். பாடமெல்லாம் காகித உறையில் வரும், விடைகளைத் தபாலில் அனுப்ப வேண்டும். வீட்டில் பத்துப் பேர். படிக்க எங்கே போவது? டவுனில் வெள்ளையருக்கான நூலகத்துக்குள் நமக்கு இடமில்லை. கடற்கரையில் பெஞ்சு கூட அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு. 1953இல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டிருந்தார்கள், 1990இல்தான் நீக்கினார்கள். வெள்ளையர் காபிக்கடையில் காசு கொடுத்தாலும் உட்கார முடியாது. நமக்கு இருந்தது குவீன் தெருவில் காந்தி நூலகமும் பார்சி ருஸ்தம்ஜி மண்டபமும், கிரே தெருப் பக்கத்து டீக்கடைகளும். விக்டோரியா தெருவில் நாயுடு சகோதரர்கள் நடத்திய குட்வில் லவுஞ்ச் பேர் பெற்ற இடம். அது சாப்பாட்டுக்கும் ஜாஸ் பாட்டுக்கும், படிப்புக்கு இல்லை. நான் படித்ததெல்லாம் ஒரு டீக்கடையின் பின்பக்கத்து மேசையில். கடைக்காரர் ஒரு டீக்கு மேல் கேட்க மாட்டார். பரீட்சை நெருங்கினால் அந்த மேசையில் வேறு யாரையும் உட்கார விட மாட்டார். நான் பாஸ் செய்ததை எங்கள் அப்பாவுக்கு முன்னால் அவருக்குத்தான் சொன்னேன்.

மண்டேலாவும் சிறையில் இருந்துகொண்டே யூனிசாவில் சட்டம் படித்து 1989இல் பட்டம் வாங்கியவர். தபாலில் படிப்பது குறைந்த படிப்பு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்.

நீ தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய், அதைப் படித்துத்தான் எழுதுகிறேன். எந்த மேசையிலும் போய் உட்கார உனக்கு உரிமை இருக்கிறது. தலையை நிமிர்த்திப் போ. பேரூர் மகள் சொன்னதுபோல் பரிமாறுகிற பிள்ளையை மறக்காதே.

வைகைக்கரை:

தாத்தா, உங்கள் பதிலைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி. அக்கா, இன்றைக்கே போய்விட்டு வந்தேன்! காலை எட்டரைக்கு. "எந்த மேசை வசதி" என்று கேட்டதும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஜன்னல் ஓரம் காட்டினாள். தேய்மானம் பாடத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க முடித்துவிட்டேன். கிளம்பும்போது முப்பது ராண்டு கையில் கொடுத்தேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். வீட்டிலிருந்து டிபன் கொண்டுபோய் அங்கே சாப்பிடலாமா? அப்புறம், பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு நிற்கும். அதற்கு என்ன செய்வது?

பேரூர்க்காரி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. அதே பெண் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், நாலு தடவையில் பழகிவிடும்.

டிபனைக் கடைக்குள் திறக்காதீர்கள், அவர்கள் வியாபாரமே சாப்பாடுதான். பதினொன்றரைக்கு எழுந்து பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு வேறு இடம் போகலாம். குரங்கு பத்திரம்.

வாய்விட்டுப் படிக்க யூனிசா வளாகத்தில் குழுவாகப் படிக்கும் அறை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பூங்காதான், குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுங்கள். நானும் கணக்குப் படித்தவள்தான். தேய்மானத்துக்கு அடுத்து வரும் பாடத்தில் சிக்கினால் தனிச்செய்தியில் கேளுங்கள். செவ்வாய், வியாழன் காலையில் நான் மஸ்கிரேவ் பக்கம்தான் இருப்பேன். இரண்டு பேர் மேசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.